எட்டு இருபத்தைந்துக்கு விழிக்கும் பெட்டி

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் யாரும் தொடாமலே காலை எட்டு இருபத்தைந்துக்கு விழித்துக்கொள்ளும். அதைத் தேர்ந்தெடுத்தவள் நான். ஆகவே அதில் பேய் இருந்தால் அதற்கும் நானே பொறுப்பு என்றாகிவிட்டது. அப்போது நான் ஏழாம் வகுப்பு.

அண்ணன் எட்டாவதோடு நின்று பனியன் கம்பெனியில் கட்டிங் வேலைக்குப் போய்விட்டிருந்தான். கார் பந்தயமும் துப்பாக்கிச் சண்டையும் தடங்கலில்லாமல் ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர், அது ஒன்றுதான் அவன் ஆசை. தீபாவளி போனஸ் வந்ததும் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு கடைக்கு என்னைக் கூட்டிப் போனான். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். "பாப்பா படிச்சுச் சொல்லட்டுங்க" என்று கடைக்காரரிடம் சொன்னான். அவ்வளவு நிமிர்ந்து அதற்கு முன் நான் எங்கும் நின்றதில்லை.

எங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் இரண்டு இருந்தன. ஒன்று புதிது, நீலமும் பச்சையுமாக விளக்கு எரிந்தது. மற்றது பழையது, கறுப்பாக, அரிசி டின் போலப் பெரிதாக இருந்தது. அண்ணனின் கண் விளக்கை விட்டு அகலவில்லை. நான் இரண்டிலும் ஒட்டியிருந்த தாளைப் படித்துவிட்டுக் கேட்டேன்.

"லைட்டு எரியறதுல பின்னாடி எதாச்சும் மாத்தலாமுங்களா?"

"அதுல ஒட்டுனது ஒட்டுனதுதான் கண்ணு. இந்தக் கறுப்பு, மூடுன கம்பெனில ஓடுனது. மெமரி ராம் போட ரெண்டு எடம் சும்மா கெடக்குது, பவர் சப்ளையும் பெருசு. இப்பச் சின்ன கிராபிக்ஸ் கார்டு போட்டு ஓட்டுங்க, அடுத்த போனசுக்குப் பெருசு போட்டுக்கலாம். ஒண்ணுங்க தம்பி, வித்தா திருப்பி எடுக்க மாட்டேன்."

கறுப்புதான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

வீட்டில் பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே பஞ்சு. சிவப்பு ஒரு படலம், அதன் மேல் கருநீலம், மறுபடி சிவப்பு. பூனைக்குட்டி ஒன்று விசிறியைச் சுற்றிப் படுத்திருப்பதுபோல இருந்தது. அண்ணன் முகத்தைச் சுளித்துக்கொண்டு வழித்தெடுத்தான். அம்மா அந்தச் சிவப்பில் துளி கிள்ளி, விரலிடுக்கில் உருட்டிப் பார்த்தாள்.

ஒரு வாரம் போகவில்லை. "சாமி, நீங்க ரெண்டு பேரும் போன பொறகு அது தானா எந்திரிக்குது. தெனமும் அதே நேரத்துக்கு. எங்காச்சும் குடுத்துப்போட்டு வந்துரு" என்று அண்ணனிடம் சொன்னாள் அம்மா.

"யாரும்மா எடுப்பாங்க? படிச்ச புள்ளய நம்பிப் போனேன் பாரு, பேயைச் சேத்து வாங்கிக் குடுத்துட்டா" என்றான் அண்ணன்.

எனக்கு அழுகை முட்டியது. அந்தச் சனிக்கிழமை பள்ளி இல்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். அம்மா உடம்புக்கு முடியவில்லை என்று கம்பெனி வேலையை விட்டு, வீட்டிலேயே பனியன்களுக்குப் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. நான் கம்ப்யூட்டருக்கு எதிரே காவல் உட்கார்ந்தேன்.

எட்டு இருபத்தைந்து. டிக்கென்று ஒரு சத்தம். விசிறி முனகியது. திரை வெளுத்தது.

அது என்னைப் பயமுறுத்தவில்லை. அம்மாதான் பயமுறுத்தினாள். கத்தரியைப் போட்டுவிட்டு விறைப்பாக எழுந்து நின்றாள். வலது பெருவிரலை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். கூப்பிட்டேன், என் பக்கம் திரும்பவில்லை. மறுபடியும் துடைத்தாள்.

திரையில் ஒரு பட்டியல் விரிந்தது. வரிசையாகப் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஆப்சென்ட், ஆப்சென்ட். ஒவ்வொன்றாகப் படித்தேன். பதினோராவது பெயர் அம்மாவுடையது.

"அம்மா, இது நீ போன வேலம்பாளையம் கம்பெனிப் பொட்டிம்மா!"

"தெரியும் கண்ணு, அந்தப் பஞ்சப் பாத்தப்பவே. எம்பேருக்கு நேரா என்ன போட்டிருக்குது?"

"ஆப்சென்ட். வரலைன்னு அர்த்தம்."

"பழைய நாளெல்லாம் காட்டுமா?"

காட்டியது. மற்றவர்களுக்கெல்லாம் பிரசென்ட், அம்மாவுக்கு மட்டும் நாள் கணக்கில் ஆப்சென்ட். "ஏம்மா, என்னைய மட்டும் லீவு போடாதேன்னு வெரட்டுவே, நீ இத்தன நாள் மட்டம் போட்டிருக்கறயே!" என்று சிரித்தேன். பயம் போன தெம்பு.

அம்மா சிரிக்கவில்லை. "அத வந்தேன்னு மாத்த முடியுமா?" என்று கேட்டாள்.

"எதுக்கும்மா? அழிக்கத்தானே போறோம்" என்று அழித்தேன். பெட்டியைத் திரும்ப எழுப்பி, அமைப்புத் திரைக்குள் தேடி, கம்பெனிக்காரர்கள் வைத்திருந்த எட்டு இருபத்தைந்து அலாரத்தையும் கண்டுபிடித்து நிறுத்தினேன். சாயங்காலம் வந்த அண்ணன் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். அந்தப் பெட்டியில் அவன் ஏழு வருடம் விளையாடினான்.

இப்போது அருள்புரத்தில் ஒரு கம்பெனியின் அலுவலகத்தில் இருக்கிறேன். சேர்ந்த அன்று வாசலில் இருந்த வருகைப்பதிவு மெஷின் என் விரலை முதல் தடவையிலேயே ஏற்றுக்கொண்டது. எனக்குப் பின்னால் நின்ற, வேலைக்கு வந்த ஒரு அம்மாளின் விரலை ஏற்கவில்லை. சலவைப்பட்டறை மருந்திலும் கத்தரியிலும் ரேகை தேய்ந்துபோன பெருவிரல். முந்தானையில் துடைத்தார், வைத்தார்; துடைத்தார், வைத்தார். வந்து எதிரே நிற்கிறவரை வரவில்லை என்றே அது சொல்லிக்கொண்டிருந்தது.

அன்று ஏழாம் வகுப்புப் படித்த எனக்கு இதெல்லாம் தெரியாது. பட்டியலை அழித்ததற்கு அடுத்த சனிக்கிழமை எட்டு இருபத்தைந்துக்குப் பெட்டி விழிக்கவில்லை. அம்மா கத்தரியைப் போட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

"பேய் போயிருச்சும்மா, உக்காரு" என்றேன், பெருமையாக.