மரணச் சங்கத்துச் சந்தாவுக்கு ஒரு கட்டம்

இந்த ஊரில் பிள்ளைகள் காசைத் தொடுவதில்லை. சனிக்கிழமை காலை, இளைஞர் மையத்தின் வாசலில் நிற்கும் இயந்திரத்திடம் ஒரு பையன் கைபேசியைக் காட்டுகிறான். அது ஒருமுறை சத்தமிடுகிறது, சிப்ஸ் பொட்டலம் கீழே விழுகிறது. எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று அவன் பார்ப்பதில்லை. வட இங்கிலாந்தின் இந்தச் சிறு நகரத்துக்கு நான் வந்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் ஐந்து நாள் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை. சனிக்கிழமைகளில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் செலவுத் திட்டம் போடக் கற்றுக்கொடுக்கிறேன். அது சம்பளமில்லாத வேலை. இலங்கையில் பதுளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இதையே செய்தவள் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தேன், அதைப் பார்த்துத்தான் எடுத்தார்கள். அங்கே அது எப்படி முடிந்தது என்று அந்தப் படிவம் கேட்கவில்லை.

தாள் ஒன்றேதான். மேலே வருமானம், கீழே மூன்று கட்டங்கள்: தேவை, விருப்பம், சேமிப்பு. பட்டம் முடித்துத் தோட்டத்துக்குத் திரும்பிய வருடம், பசறைக்கு மேலே எங்கள் தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் இதே மூன்று கட்டங்களைக் கரும்பலகையில் வரைந்தேன். வாரநாட்களில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் மண்டபம் அது. தொட்டில் கயிறுகளை உத்தரத்தில் சுருட்டிக் கட்டிவிட்டு அடியில் பாய் விரித்து உட்காருவோம். பதினெட்டுப் பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் தர்ஷினி மட்டும்தான் அப்போது உண்மையிலேயே சம்பளம் வாங்கியவள். பதினேழு வயது. பதுளை நகரில் ஒரு புடவைக்கடையில் வேலை. அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து வேலைநாட்கள் குறைந்துவிட்டதால், வீட்டில் முழுதாக வந்து சேரும் ஒரே வருமானம் அவளுடையதுதான். ஆகவே கணக்கும் அவள் கைக்கு வந்திருந்தது.

ஒருநாள் அவள் கை தூக்கிக் கேட்டாள்.

“அக்கா, மரணச் சங்கத்துச் சந்தாவ எந்தக் கட்டத்துல எழுதறது?”

தோட்டத்தை அறியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். ஒவ்வொரு வீடும் மாதம் ஒரு சிறு தொகையைச் சங்கத்துக்குக் கட்டும். சாவு விழுந்தால் சங்கம் சவப்பெட்டி வாங்கும், பந்தல் போடும், குழி வெட்ட ஆள் அனுப்பும். அன்றைக்கு எங்கள் வரிசை வீடுகளான லயத்திலிருந்து யாரும் பெரட்டுக்குப் போக மாட்டார்கள், அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு. எங்கள் மயானம் மலையின் உச்சிப்பக்கம் இருக்கிறது. பாதை செங்குத்து. ஒவ்வொரு வளைவிலும் தூக்குபவர்கள் விலக, வேறு சிலர் தோள் கொடுப்பார்கள். சந்தா உண்மையில் அந்தத் தோள்களுக்குத்தான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், பல்கலைக்கழகத்தில் படித்த முறைப்படி யோசித்தேன். உணவைப் போல அன்றாடம் வேண்டியதல்ல, ஆகவே தேவையல்ல. கட்டிய பணம் கைக்குத் திரும்பாது, ஆகவே சேமிப்பல்ல.

“விருப்பத்துல போடு” என்றேன்.

“சாவ யாராச்சும் விரும்புவாங்களாக்கா?”

“எங்க தாத்தா ரொம்ப வருசமா விரும்புறாரு, நடக்கத்தான் மாட்டேங்குது” என்று பின்னாலிருந்து ஒரு பையன் சொல்ல, மண்டபம் முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த பாடம், பணம் போதாத மாதத்தில் எதைக் குறைப்பது என்பது. விருப்பக் கட்டத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கற்பித்தேன்.

பின்பு விலைகள் ஏறிய அந்த வருடம் வந்தது. மாவு, மண்ணெண்ணெய், பதுளைக்குப் போகும் பஸ் கட்டணம் எல்லாம் ஏறின. தர்ஷினி தன் தாளில் விருப்பக் கட்டத்தை ஒவ்வொரு வரியாக வெட்டினாள். முதலில் தொலைக்காட்சி, பிறகு கோயில் சந்தா, கடைசியில் மரணச் சங்கம். அவளுடைய திட்டம் வெற்றி பெற்றது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். அந்த வருடம் அவர்கள் வீட்டில் எதுவும் அடகுக்குப் போகவில்லை. தங்கை பள்ளிக்கூடத்தை விடாமல் பரீட்சை எழுதினாள். சங்கத்தில், மூன்று மாதம் கட்டாத வீட்டின் பெயரை எடுத்துவிடுவார்கள். எடுத்தார்கள். நான்காவது மாதம் அவளுடைய அப்பா இறந்தார்.

சங்கத்துச் செயலாளரைத் தேடிப் போனேன். என் அப்பாவோடு ஒன்றாக வேலை செய்தவர், கெட்ட மனிதரல்ல.

“இங்க பாருங்க டீச்சரம்மா, பேரு இல்லாத வீட்டுக்குப் பெரட்ட நிறுத்துனா, அரைவயிறு சாப்பிட்டுக் கட்டுன வீடுகளுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

அடக்கத்தன்று காலை கொம்பு ஊதியதும் லயம் வேலைக்குப் போனது. போகிற பெண்கள் அந்த வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள். பூனாகலையிலிருந்து வந்த உறவினர் ஆறு பேர்தான் குழி வெட்டினார்கள், அவர்களேதான் தூக்கினார்கள். எந்த வளைவிலும் தோள் மாற்ற ஆளில்லை. மூன்று இடங்களில் பெட்டியைத் தரையில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். எங்கள் பாதையில் பெட்டியைத் தரையில் வைத்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. வீட்டுக்குத் திரும்பியதும் தர்ஷினி அந்தத் தாளை எடுத்துவந்து காட்டினாள். கோபம் இல்லை. பிழை எங்கே என்று கேட்கும் மாணவியின் முகம்.

“நீங்க சொன்ன மாதிரிதான்க்கா செஞ்சேன்.”

எனக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. சில மாதங்களில் விசா வந்தது, கிளம்பினேன்.

இங்கே பழைய தாளையே மறுபடி கையில் எடுத்தபோது, நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தேன். ‘மற்றவர்களின் மரணத்துக்கு’ என்று ஆங்கிலத்தில் தலைப்பிட்டேன். யாருடைய மரணம் என்று ஒருவன் கேட்டான். உன் அடுத்த வீட்டுக்காரருடையது என்றேன். அவர் பெயரே எனக்குத் தெரியாது, அவருக்குக் காப்புறுதி இருக்கும் என்றான். அடுத்த வாரம் மையத்தின் பொறுப்பாளர் ஹெலன் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். தேநீர் கொடுத்தார். பிள்ளைகளில் யாராவது சாவதைப் பற்றிப் பேசினார்களா என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நீங்கள் சரியாகத் தூங்குகிறீர்களா என்றார். நான் மலைப்பாதையையும் தோள் மாற்றுவதையும் எடுத்துச் சொன்னேன். அவர் தலையசைத்துக் கேட்டார், கடைசியில் மனநல உதவி எண்கள் அச்சிட்ட ஒரு துண்டுத்தாளைத் தந்தார். அடுத்த சனிக்கிழமை மேசையில் புதிய தாள்கள் இருந்தன. மூன்று கட்டங்கள்.

அவர் செய்தது தவறென்று சொல்ல முடியவில்லை. இங்கே குழி வெட்டுவது ஒரு நிறுவனம், தூக்குவது கறுப்புக் கோட்டணிந்த அதன் ஊழியர்கள். இந்தப் பிள்ளைகளுக்கு மூன்று கட்டங்கள் போதும். நான் கற்பித்தது இந்த ஊருக்குச் சரியான பாடம். ஆனால் முதலில் கற்பித்தது அந்த ஊரில்.

தர்ஷினி இந்த மூன்று ஆண்டுகளாகச் சங்கத்துப் பாக்கியைச் சேர்த்துவந்தாள். நீக்கிய பெயரைத் திரும்ப ஏற்ற, பாக்கி முழுவதையும் ஒரே தடவையில் கட்ட வேண்டும், இன்னொரு உறுப்பினர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். பணம் அனுப்புகிறேன் என்று பலமுறை சொன்னேன், வாங்கவில்லை. இப்போதும் தாளில்தான் திட்டம் போடுகிறாள், சந்தாவைத் தேவைக் கட்டத்தின் முதல் வரியில் எழுதுகிறாள். அவளுடைய அம்மாவுக்கு மூச்சிரைப்பு கூடிவிட்டது. அந்த அம்மா சாவுக்குப் பயப்படவில்லை. தன்னையும் வழியில் தரையில் இறக்கி வைப்பார்களோ என்றுதான் பயப்படுகிறாள். பொறுப்புக்கு என் பெயரைக் கொடு என்றேன். எங்கள் வீட்டுக்குச் சங்கம் கொடுத்த உறுப்பினர் அட்டையில் என் பெயர் இன்னும் இருந்தது. அதையாவது செய்யலாம் என்று எண்ணினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சங்கம் கூடியது. முதியோர் இல்லத்தில் ஒருவருக்குக் கஞ்சி ஊட்டி முடித்த பிறகு அவளுடைய குரல் பதிவைக் கேட்டேன்.

“அக்கா, அம்மா பேரு ஏறிருச்சு! அம்மா மூணு வாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டுச்சு. பொறுப்புக்கு ஒங்க பேரத்தான் ஏத்துக்கல. தோள் குடுக்க ஆளு இங்க இருக்கணும்னுட்டாரு செயலாளரு. ஒங்க தம்பி எந்திரிச்சு வந்து கையெழுத்துப் போட்டாரு. ஒங்க பேர வெட்டலக்கா, வருத்தப்படாதீங்க. புத்தகத்துல கடைசிப் பக்கத்துல வெளியூருன்னு தலைப்புப் போட்டு அதுல எழுதிட்டாங்க. அந்தப் பக்கத்துல நீங்க ஒருத்தர்தான். சந்தா கட்டுவீங்களான்னு கேக்குறாங்க, என்ன சொல்ல?”

கட்டுவேன் என்று பதில் அனுப்பினேன்.

நேற்று வகுப்பில், மாதிரிக்காக என் சொந்தச் செலவுத் திட்டத்தையே எழுதிக் காட்டினேன். வாடகை, பஸ், வீட்டுக்கு அனுப்புவது, குளிர்கோட்டு எல்லாம் மூன்று கட்டங்களுக்குள் அடங்கின. சந்தாவை மட்டும் கட்டங்களுக்கு வெளியே, தாளின் அடி ஓரத்தில், தமிழில் எழுதினேன். ஹெலனுக்குத் தாள் பிடித்துப்போய்ச் சுவரில் ஒட்டினார். ஒட்டும்போது அந்த வரியில் விரல் வைத்து, எழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்.

என் ஊரின் பெயர் என்றேன்.