எட்டுக் கறுப்புச் சதுரங்கள்

படம் வரையக் கற்றுக்கொள்ளத்தான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். ஆறு வாரமாகியும் அங்கே ஒரு மாங்காயைக்கூட வரைய விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் பதின்மூன்று வயது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு வடிவமைப்பின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் வகுப்பு ஒன்று, பிராஸ் பாசா சாலைப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடந்தது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய சீன ஆசிரியர் ஒருவர் நடத்தினார். முதல் வாரம் புள்ளி மட்டும்தான். வெள்ளைத் தாளில் ஒரே ஒரு புள்ளியை எங்கே வைத்தால் அமைதியாக இருக்கும், எங்கே வைத்தால் விழப்போவதுபோல் தோன்றும் என்று மூன்று மணி நேரம் நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம்.

பஃபலோ ரோட்டில் ஒரு கடைவீட்டின் மாடியில் குடியிருந்தோம். அன்று அம்மா என் தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மூணு மணி நேரம் ஒக்காந்து ஒரு புள்ளிதான் வச்சியா? கீழ் வீட்டுக்காரி அஞ்சு நிமிசத்துல நூறு புள்ளி வச்சு கோலத்தையே முடிச்சிர்றா.”

“விடுக்கா,” என்றார் சித்தி. “இந்த வருசம் புள்ளி வச்சிருக்கான். அடுத்த வருசம் கோடு இழுப்பான்.”

அம்மா சிரித்துவிட்டார். சித்தி வேடிக்கையாகப் பேசி வெகுநாளாகியிருந்தது.

சித்தி, அம்மாவின் தங்கை. சித்தப்பாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இந்த ஊரில் இல்லாததால் சித்தி எங்களிடம் வந்தார். பிறந்த பெண் குழந்தை இருபத்துமூன்றாம் நாள் இறந்துபோனது. அதன்பிறகு சித்தி செம்பவாங்குக்குத் திரும்பவில்லை. குழந்தையை ஒரு போட்டோ எடுத்துவிடலாம் என்று சித்தப்பா இரண்டு முறை கேட்டிருந்தார். மூன்று மாதம் ஆகாமல் எடுத்தால் ஆயுசு குறையும் என்று தடுத்தவர் அம்மா. பிறகு அதைப் பற்றி வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை.

சித்தியிடம் கல்யாண ஆல்பம் ஒன்று இருந்தது. அந்தக் கால வழக்கப்படி கறுப்புத் தாள் பக்கங்கள். படத்தின் நான்கு மூலைகளையும் செருகுவதற்குச் சின்னச் சின்ன முக்கோண ஒட்டிகள். கடைசிப் படத்துக்கு அடுத்த பக்கத்தின் நடுவில் நான்கு ஒட்டிகள் மட்டும் இருந்தன. உள்ளே படம் இல்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சித்தி அவற்றை ஒட்டியபோது, ஒவ்வொன்றையும் நாக்கில் நனைத்து எடுத்துக் கொடுத்தவன் நான்.

ஏழாம் வாரம் ஆசிரியர் ஆளுக்கொரு கறுப்புத் தாள் தந்தார். எட்டுச் சதுரங்கள் வெட்டி வெள்ளைத் தாளில் ஒட்ட வேண்டும். கோடு கூடாது, உருவம் கூடாது. சதுரங்கள் இருக்கும் இடத்தை வைத்தே பார்ப்பவருக்குப் ‘பிரிவு’ புரிய வேண்டும். சீனப் புத்தாண்டு முடிந்த சனிக்கிழமை கொண்டுவர வேண்டும். அதைப் பார்த்து இருபது பேரில் பன்னிரண்டு பேரை மட்டும் வைத்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பன்னிரண்டில் நான் இருந்தே ஆக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி.

விடுமுறையில் விளையாடித் திரிந்தேன். வியாழக்கிழமை வெட்டி ஒட்டியபோது பசை வழிந்து கறுப்புத் தாள் முழுவதும் பளபளவென்று தழும்பு விழுந்தது. வேறு தாள் வாங்க ஓடினேன். புத்தாண்டுக்காகக் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. சாதாரணத் தாளில் கறுப்பு மை பூசிப் பார்த்தேன். அது காய்ந்ததும் அப்பளம்போல் சுருண்டது.

வெள்ளிக்கிழமை மாலை அம்மாவும் சித்தியும் கோயிலுக்குப் போனார்கள். சித்தியின் பெட்டியைத் திறந்தேன்.

ஆல்பத்தின் பின்பக்கத் தாள்களில் எல்லாம் ஈரத்தில் வெண்பூஞ்சை பிடித்திருந்தது. அந்த ஒரு பக்கம் மட்டும் துடைத்து வைத்ததுபோல் கன்னங்கரேலென்று இருந்தது. அது ஏன் என்று எனக்குள் கேட்டுக்கொள்ளவில்லை. நல்ல தாள் என்று மட்டும் தோன்றியது.

வெறும் பக்கம் என்று நினைத்து வெட்டிவிட்டேன் என்றுதான் பிற்பாடு எல்லாரிடமும் சொன்னேன். அது பொய். நான்கு ஒட்டிகளையும் நகத்தால் ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் நடுங்கவில்லை. பிளேடால் பக்கத்தை அறுத்தெடுத்து, அளந்து, பன்னிரண்டு சதுரங்களாக வெட்டிக் கலைத்துப் போட்டேன். நேராக வந்த எட்டை எடுத்துக்கொண்டேன். மிச்சம் நான்கும் குப்பைக்குப் போயின.

ஏழு சதுரங்களைத் தாளின் இடப்பக்கம் நெருக்கி ஒட்டினேன். எட்டாவதை வலது ஓரத்தில், கொஞ்சம் சாய்த்து, தாளை விட்டு வெளியே போகப்போவதுபோல் ஒட்டினேன். மறுநாள் ஆசிரியர் அதன் முன் நின்று, அந்த எட்டாவது சதுரத்தில் விரல் வைத்து, “இதற்கும் மற்றவற்றுக்கும் நடுவே விட்டிருக்கிறாயே வெள்ளை, அதுதான் உன் படம்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். பன்னிரண்டு பேரில் என் பெயர் மூன்றாவது.

தாளைச் சுருட்டிக்கொண்டு ஓடிவந்தேன். கூடத்தில் சித்தி தரையில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஆல்பம். அம்மா கதவருகிலேயே என்னைப் பிடித்துக்கொண்டார்.

“நீயாடா வெட்டுன?”

“வெறும் தாள்னு நெனச்சேம்மா…”

அம்மா கையை ஓங்கிவிட்டார்.

“அடிக்காதக்கா. என்னா செஞ்சிருக்கான்னு பாப்போம்.”

விரித்துக் காட்டினேன். சித்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்: “இதுல நடுவுல இருந்தது எதுப்பா?”

எனக்குப் புரியவில்லை.

“படம் வைக்க இருந்த எடம். எந்தத் துண்டு?”

எனக்கு எப்படித் தெரியும்? கலைத்துப் போட்டு எடுத்தவன் நான். குப்பைக்குப் போன நான்கில்கூட அது இருந்திருக்கலாம். ஆனால் அம்மாவின் கை இன்னும் இறங்கவில்லை. ஆசிரியர் தொட்ட அதே சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனார். சித்தி உள்ளங்கையை அந்தச் சதுரத்தின் மேல் வைத்தார்.

“இத மட்டும் எனக்குக் குடுக்கிறியா?”

“இப்ப முடியாது சித்தி. ஜூன் மாசம் எக்சிபிஷன் இருக்கு. ஒண்ணை எடுத்தா எல்லாமே கெட்டுப்போயிரும்.”

“சரிப்பா. முடிஞ்சதும் குடு.”

ஜூனில் உரித்துக் கொடுத்தேன். அதை ஆல்பத்தில் வைத்துக்கொண்டு செம்பவாங்குக்குத் திரும்பினார். போன வருடம் புக்கிட் மேரா வீட்டில் அவர் கண்மூடும்வரை அது அவரிடம் இருந்தது. அது எந்தத் துண்டென்று எனக்குத் தெரியாது என்பதை நான் கடைசிவரை சொல்லவில்லை.

கண்காட்சிக்கு முந்திய அந்த மாதங்களில் தாள் எங்கள் கூடத்துச் சுவரில் இருந்தது. தினமும் சாமி விளக்கை ஏற்றிவிட்டுச் சித்தி அதன் முன்னால் வந்து நிற்பார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வேன். அந்த ஒன்றை ஏன் அவ்வளவு தள்ளி வைத்தேன், ஏன் சாய்த்தேன், நடுவில் ஏன் எதையும் வைக்கவில்லை என்று வகுப்பில் கேட்டதையெல்லாம் எடுத்துச் சொல்வேன். சித்தி ‘உம்’ கொட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பார். பரவாயில்லையே, சித்திக்கும் வடிவமைப்பு பிடிபட ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.