பேஸ் கேட்காத நாற்காலி

என் கணவருக்குக் காது நன்றாகக் கேட்கும். காஸ் சிலிண்டருக்குச் சொல்லி வையுங்கள் என்று அடுப்படியிலிருந்து நான் சொல்வது மட்டும்தான் கேட்காது. மற்றபடி ஒரு பாட்டில் பேஸ் கிடார் எங்கே நுழைகிறது, எங்கே நழுவுகிறது என்றெல்லாம் சொல்லக்கூடியவர். அவருக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு அலுவலகத்தில் வேலை. நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கச்சிராயபாளையம் சாலையில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டுக்காரர் குடும்பம் கீழே.

போன வருஷம் அவருக்கு நல்ல ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று ஆசை வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் மரப்பெட்டிகளைத் தடவிக்கொண்டு கண்கலங்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். சாப்பிடும்போது டைட் பேஸ், லூஸ் பேஸ் என்று, பாட்டுக்கு அடியில் ஓடும் கனத்த சத்தத்தைப் பற்றியே பேசினார். ரசத்தில் உப்பு இல்லாததை அவர் கவனிக்கவில்லை.

துணைக்கு ஒரு நண்பர். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போடுகிறவர். தன் டிராக்டரில் பெரிய பெட்டிகளை மாட்டிவைத்து, அதில் பாட்டுப் போட்டபடியே ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போவார். அவருக்குக் கொள்கை ஒன்றுதான்.

“சட்டப் பட்டன் ஆடணும்ப்பா. ஆடலன்னா அது இன்னா பேஸு?”

“பேஸ்னா கேக்கணும். மேல வந்து அடிக்கக் கூடாது” என்பார் இவர்.

இப்படி ஒத்துப்போகாத இரண்டு பேரும் சேர்ந்து சென்னைக்குப் போனார்கள். கடையில் கம்பளம் விரித்த அறை, தடித்த திரைச்சீலை, சுவரோரம் சோபா. பாட்டுப் போட்டதும் இவர் கண்ணை மூடிக்கொண்டாராம். நண்பர் சட்டைப் பட்டனைத் தொட்டுப் பார்த்தாராம். இருவருக்கும் திருப்தி. இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கரும், அரிசி டிரம் போல ஒரு சப்வூஃபரும் வீட்டுக்கு வந்தன. கனத்த சத்தத்துக்கென்றே இருக்கிற பெட்டி அந்த சப்வூஃபர்.

எங்கள் ஹாலில் கம்பளம் கிடையாது. டைல்ஸ் தரை, வெறும் சுவர், நீளவாக்கில் ஒரு அறை. அதன் நட்டநடுவில் தன் நாற்காலியைப் போட வேண்டும் என்று டேப் வைத்து அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்கத்தான் என் கணக்கு அறிவு பயன்பட்டது. பிறகு பாட்டுப் போட்டார். பாடகர் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவதுபோல் இருந்தது. வயலின் இழைந்தது. பேஸ் மட்டும் சென்னையிலேயே தங்கிவிட்டது.

நண்பர் வந்து கேட்டுவிட்டு, “மூலைல தள்ளு. மூலைல வெச்சாதான் ஜாஸ்தியா வரும்” என்றார்.

சப்வூஃபரை மூலையில் தள்ளினார்கள். வந்தது, இவரைத் தவிர எல்லோருக்கும். அடுப்படியில் தட்டுகள் ஒன்றோடொன்று உரசின. ஷோகேஸ் கண்ணாடி நடுங்கியது. கீழ்வீட்டு அம்மா மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“டீச்சர், மோட்டார் போட்டிருக்கீங்களா? கீழ உர்ருனு கேட்டுக்கினே இருக்குது.”

“மோட்டார் இல்லீங்க, பாட்டு.”

“பாட்டா? எங்களுக்குப் பாட்டு ஒண்ணும் கேக்கலயே. மோட்டாருதான் கேக்குது.”

போகும்போது படிக்கட்டிலிருந்த மோட்டார் சுவிட்சை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இவர் நாற்காலியில் உட்கார்ந்து, “எனக்கு மட்டும் வரல” என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு கரும்பு டிராக்டர் பாட்டோடு சாலையில் போயிற்று. எங்கள் ஜன்னல் கம்பிவரை அதிர்ந்தது. அது போய் மறையும்வரை இவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த டிராக்டர்க்காரர் வாழ்நாளில் டேப் பிடித்து அளந்திருக்க மாட்டார்.

பிறகு ஒரு வீடியோவில் வழி கிடைத்தது. சப்வூஃபரை நாம் உட்காரும் நாற்காலியில் ஏற்றிவைத்துப் பாட்டுப் போட வேண்டும். நாம் தரையில் தவழ்ந்து போக வேண்டும். எங்கே பேஸ் நன்றாகக் கேட்கிறதோ அங்கேதான் சப்வூஃபரை வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை இவர் அதை நாற்காலியில் மாப்பிள்ளைபோல் உட்காரவைத்துவிட்டு, கைலியோடு தவழ ஆரம்பித்தார். கதவு திறந்து கிடந்தது.

என் அப்பா மணலூர்பேட்டையில் விவசாயம் பார்க்கிறவர். பச்சை வேர்க்கடலைப் பையோடு அன்றைக்கென்று வந்து வாசலில் நின்றார். மருமகனிடம் மரியாதையாகப் பேசுகிறேன் என்று இத்தனை வருஷமும் அநேகமாகப் பேசாமலே இருப்பவர் அவர்.

“மாப்ள, இன்னா வுழுந்துச்சு?”

“பேஸத் தேடறேன் மாமா” என்றார் இவர், தலையை நிமிர்த்தாமல்.

அது என்ன சாமான் என்று கேட்டால் மருமகனுக்குச் சங்கடமாகுமோ என்று அப்பா நினைத்திருக்க வேண்டும். பையை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானும் மண்டிபோட்டு சோபாவுக்கு அடியில் துழாவ ஆரம்பித்தார். நான் கரண்டியோடு வெளியே வந்தபோது ஆளுக்கொரு திசையில் தவழ்ந்துகொண்டிருந்தார்கள்.

“அப்பா, நீங்க இன்னா பண்றீங்க?”

“மாப்ள எதயோ தவறவுட்டாரும்மா. இன்னா, சின்ன சாமானா?”

விஷயத்தைச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், நாற்காலியில் வீற்றிருந்த பெட்டியைப் பார்த்தார். “சத்தத்தயா தேடறாரு?” என்றார் மெதுவாக. ஆனால் இறங்கியது இறங்கியாயிற்று என்று அவரும் காதைச் சாய்த்துக்கொண்டு தவழ்ந்தார். அடுப்படி வாசற்படியருகே போனதும் நின்றார்.

“மாப்ள, இங்க வாங்க. இங்க திம்முனு கேக்குது.”

இவர் விரைந்து தவழ்ந்து போனார். இரண்டு தலைகளும் வாசற்படிமேல் ஒட்டினாற்போல் குனிந்திருந்தன. கல்யாணம் ஆனதிலிருந்து அவர்கள் இவ்வளவு நெருங்கி நான் பார்த்ததில்லை. இவர்தான் முதலில் தலையை நிமிர்த்தினார்.

“சப்வூஃபர இங்கதான் வெக்கணும்.”

“வைங்க. அப்டியே சமையலயும் நீங்களே பாத்துக்குங்க.”

அப்பா சமாதானமாக, “கொழம்புச் சட்டியோட தாண்டித் தாண்டிப் போவணுமே மாப்ள” என்றார். அதோடு அந்தத் திட்டம் முடிந்தது. நாற்காலியிலிருந்து இறங்கிய சப்வூஃபர், கீழ்வீட்டு அம்மாவுக்காக மூலையை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தது.

நண்பர் அசரவில்லை. கேபிள் ஒல்லியாக இருக்கிறது என்றார். இவர் விரல் தடிமனில் கேபிள் வாங்கினார். சப்வூஃபருக்கு அடியில் கருங்கல் வேண்டும் என்று சொல்லி, அம்மிபோல் ஒரு பலகைக்கல்லை நண்பரே டிராக்டரில் கொண்டுவந்தார். ஸ்பீக்கர் ஓட ஓடத்தான் வாய் திறக்கும் என்று நாங்கள் பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் கிளம்பும்போதுகூட இவர் அதைப் பாடவிட்டே வந்தார். சுவர்களுக்கு நல்ல இசை அறிவு வந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் நான் முதலில் வந்துவிட்டேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. வீடு பெருக்கியபடி குறுக்கும் நெடுக்கும் நடந்தபோது ஒன்று தெரிந்தது. சுவரை நெருங்கும்போதெல்லாம் பேஸ் கூடுகிறது. அறையின் நடுவுக்கு வந்தால் வற்றிப்போகிறது. சரியாக அந்த வற்றிய இடத்தில்தான் இவர் அளந்து நாற்காலி போட்டிருந்தார். அதைப் பின்சுவர் பக்கமாக இழுத்துப் போட்டு, உட்கார்ந்து பார்த்தேன். கனமான அந்த ஒலி காலடியில் தொடங்கி மெல்ல ஏறி வந்து, பாட்டுக்கு ஒரு தரை போட்டுக் கொடுத்தது. இதற்காகத்தான் மனிதர் இத்தனை நாள் அலைந்திருக்கிறார் என்று அந்த ஒரு பாட்டு முடியும்வரை எனக்கு இவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது.

இவர் வந்தார். நாற்காலி இடம் மாறியதைக் கவனிக்காமல் அதில் உட்கார்ந்தார். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு, “பாத்தியா, கேபிள்” என்றார்.

“நாற்காலிய நான்தாங்க நவுத்திப் போட்டேன்.”

நாற்காலியைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார்.

“அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்” என்றவர், போனை எடுத்து நண்பரிடம், “கல்லு வேல செய்துப்பா” என்றார்.

இப்போது அலுவலகத்துக்காரர்கள் பேஸ் கேட்க வருகிறார்கள். சுவரோர நாற்காலியில் இவர் உட்கார்ந்துகொள்வார். வருகிறவர்களை மரியாதையாக ஹாலின் நடுவில், பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்காரவைப்பார். அங்கே பேஸ் கேட்காது. “எப்டி?” என்று இவர் கேட்பார். “சூப்பர் சார், செம ஆழம்” என்று தலையாட்டுவார்கள். போன மாதம் என் அப்பாவையும் அங்கே உட்காரவைத்துக் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்தார்.

“பாடறவரு கொரலு நல்லா இருக்குது மாப்ள” என்றார்.