கூரை மேல் சிவப்புப் புடவை

நான் முட்டாள். முதலிலேயே சொல்லிவிட்டால், வாசகர் மெனக்கெட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒரு உளவாளிப் படத்தை நாலு தடவை பார்த்துவிட்டு, மைசூரே அந்தப் படத்துக்குள் இருப்பதாக நம்பியவன் நான்.

ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்திருந்த நேரம். அந்தப் படத்தில் கதாநாயகன் ஆகாய விமானத்திலிருந்து குதித்து, ஓடுகிற குதிரை மேல் உட்காருவான், தொப்பிகூட நகராது. சுத்தப் புளுகு. ஆனால் அந்த நடிகன்! எதிரிக்கு எதிரே உட்கார்ந்து காபி குடித்தபடி இமைக்காமல் பார்ப்பானே, அந்தப் பார்வைக்காகக் குதிரையையும் விமானத்தையும் சேர்த்து நம்பலாம். ரயில்வே குமாஸ்தாவான நான், வீட்டுக் கண்ணாடி முன் நின்று அந்தப் பார்வையைப் பழகினேன். "கண்ணுல தூசியா?" என்றாள் மனைவி.

படத்தில் உளவாளி அமாவாசைதோறும் மாடியில் சிவப்புத் துணி விரிப்பான். எதிரி விமானத்துக்கு அடையாளம்.

எங்கள் ஒண்டுக்குடித்தனத்தின் கடைசி அறைக்கு ஒருவர் குடிவந்திருந்தார். ரங்கூனிலிருந்து நடந்தே வந்த தமிழர். தனி ஆள், அதிகம் பேசமாட்டார். ஒரு அமாவாசைக் காலையில் ஏணி வைத்து ஏறி, ஓட்டுக்கூரையில் சிவப்புப் புடவை ஒன்றை விரித்தார். அடுத்த அமாவாசையும் அப்படியே. தனி ஆளுக்குப் புடவை எதற்கு? காபி ஹோட்டலில் எனக்குப் பழக்கமான போலீஸ் தபேதாரிடம், நடிகனின் குரலிலேயே விஷயத்தைச் சொன்னேன்.

"ஹௌதா?" என்றார் தபேதார். அப்படியா என்று கேட்டதோடு சரி என நினைத்தேன். மறுநாள் ரங்கூன்காரரையும் புடவையையும் கொண்டுபோய்விட்டார்கள்.

மனைவி அடுப்படியிலிருந்து வந்தாள். "அது அவர் சம்சாரத்தோட புடவை. பர்மாக் காட்டுல நடக்க முடியாம செத்துப்போனாளாம். திதி தெரியாததால அமாவாசைக்கு அமாவாசை அலசிப் போடுறார்."

"கொடியில போட வேண்டியதுதானே? கூரையில எதுக்கு?"

"செத்தவ புடவை எங்க கொடியில வேண்டாம்னு சொன்னதே நான்தான். மத்த குடித்தனக்காரங்களும் அப்படியேதான் சொன்னாங்க. உங்ககிட்டயும் சொன்னேன். நீங்க கண்ணாடி பார்த்துக்கிட்டிருந்தீங்க."

ஸ்டேஷனுக்கு ஓடினேன். நான் ஒரு மடையன் என்றேன்; அதை உடனே நம்பினார்கள். மற்றது மேலிடத்துக்குப் போய்விட்டதாம், இனி அவர்கள் கையில் இல்லையாம்.

இரண்டு அமாவாசை கழித்து அவரை வெளியே விட்டார்கள். முன்பற்கள் இல்லை. வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். புடவையில் ரகசிய எழுத்து இருக்குமோ என்று நூல் நூலாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தை எரித்துவிட்டார்களாம்.

அடுத்த அமாவாசைக் காலையில் அவர் அறை வாசலில் போய் நின்றேன். காயப்போட ஒன்றும் இல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"சார், அதே சிவப்புல ஒரு புடவை வாங்கித் தரேன். இனிமே எங்க கொடியிலேயே போடுங்க."

இமைக்காமல் என்னைப் பார்த்தார்.

"யாருக்கு?"