கடலுக்கு நான் பூசிய நிறம்

தஞ்சாவூரில் நாற்காலியை விட்டு எழாமலே பூம்புகார் கடல் கெட்டுவிட்டதா இல்லையா என்று சொல்வது என் தொழில். திரையைப் பார்த்து அடுத்தவருக்கு நல்லது கெட்டது சொல்லும் வேலையில் இருப்பவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும்.

சிவப்பு

கடல் நீரில் நுண்பாசி மிதக்கிறது. அளவாக இருந்தால் அது மீனுக்குத் தீனி. சில வகைகள் மிதமிஞ்சிப் பெருகினால் மூச்சுக்காற்று குறைந்து மீன் செத்து மிதக்கும். செயற்கைக்கோள் படத்தில் கடலின் நிறத்தை வைத்துப் பாசியின் அளவைக் கணக்கிட்டு, வரைபடமாக்கி, மீனவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவேன். பாசி அதிகமுள்ள இடத்துக்குச் சிவப்பு கொடுத்திருந்தேன். அந்த வாரம் தீனி நிறைய, அவ்வளவுதான். ஆனால் படம் கைமாறிக் கும்பகோணம் போய்ச் சேர்ந்தது. பூம்புகார் மீன் என்றாலே வாங்க வந்தவர்கள் கையை எடுத்துவிட்டார்களாம். பூம்புகாரிலிருந்து அங்கே மீன் கொண்டுபோய் விற்கும் அஞ்சலை போனில் கூப்பிட்டார்.

"சார், நீங்க படத்துல பூசுன சாயம் என் கூடையில ஒட்டிக்கிச்சு. வந்து கழுவிட்டுப் போங்க."

பச்சை

அந்தச் சிவப்பு மீனுக்கு நல்ல தீனிதான் என்று அவருக்கு விளக்கிவிட்டு, மறுநாளே நிறத்தை மாற்றினேன். பாசி கூடக் கூடக் கரும்பச்சை. பக்கத்து மேசை விமலா நன்னிலத்துக்காரர், வீட்டில் விவசாயம். அவருக்குப் படம் பிடித்துப்போனது. எனக்கோ ஒரு நெருடல். இந்தப் பக்கத்து ஆட்கள் பச்சையைப் பார்த்துப் பயப்படுவார்களா என்று கேட்டேன்.

"எதுக்கு சார் பயப்படணும்? நடவு முடிஞ்ச வயல் மாதிரி கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு."

மேகம்

ஐப்பசியில் ஒருநாள் பூம்புகார் கரையோரம் முழுக்கக் கரும்பச்சை தெரிந்தது. அதோடு மேகம் மூடிக்கொண்டது. மேகத்துக்குக் கீழே செயற்கைக்கோளுக்குக் கண் தெரியாது. அது பாசியாக இருக்கலாம். மழைத் தண்ணீரோடு ஆறு கொண்டுவந்த சேறாகவும் இருக்கலாம். கலங்கல் நீரைப் பாசி என்று எங்கள் கணக்கு ஏமாறுவது உண்டு. எச்சரித்துவிட்டு அது சேறாகிப்போனால் அஞ்சலையின் கூடை மறுபடி நாறும். எச்சரிக்காமல் அது பாசியாகிவிட்டால், செத்து மிதந்த மீன் யார் வீட்டுக் குழம்பிலோ கொதிக்கும். இதை முடிவு செய்ய எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று யோசித்தபடி மாடியில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். துணி எடுக்க வந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"சம்பாவுக்கு மழை வேணும்னு ஊரே கேக்குது. நீங்க ஒருத்தர்தான் வானம் வெளுக்கணும்னு நிக்கிறீங்க."

போன்

மேகம் கலையவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டேன். அவர் குழுவுக்கு வந்த படத்தைப் பார்த்து, பச்சைதானே என்று நிம்மதியாக இருந்தார். அவருடைய தம்பி படகில் வலையை ஏற்றிக்கொண்டிருந்தார். கரையோரம் வலை போட வேண்டாம், மிதக்கும் மீனை விற்க வேண்டாம், இந்தப் பச்சை கெட்ட பச்சையாக இருக்கலாம் என்றேன். உறுதியா என்று கேட்டார். இல்லை என்றேன்.

"சிவப்பு நல்லதுன்னீங்க, பச்சை கெட்டதுங்கிறீங்க. நீங்க சிக்னல் பாத்து ரோடு தாண்டுற ஆளா சார்?"

கரை

திட்டிக்கொண்டேதான் தம்பியைத் தடுத்திருக்கிறார். மறுநாள் காலையில் அவரே கூப்பிட்டார். அலை கொழகொழவென்று பச்சையாக வருகிறது, கரை நெடுக மீன் செத்து ஒதுங்கிக் கிடக்கிறது, தெருவில் யாரும் ஒன்றைக்கூடக் கூடையில் போடவில்லை என்றார். சேறாக இருந்திருந்தாலும் இதே குரலில்தானே சொல்லியிருப்பேன் என்று ஓடியது மனம். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"தெருவுல எல்லாரும் கேக்குறாங்க சார், இனிமே நீங்க சொன்னாத்தான் படகு எடுப்பாங்களாம். நாளைக்குப் போகலாமா?"

இந்த உத்தியோகத்தில் தப்பாகச் சொன்னால் சோறு இறங்காது, சரியாகச் சொல்லித் தொலைத்தாலோ தூக்கமும் சேர்ந்து போய்விடுகிறது.