ஆயில்

எங்கள் வீட்டில் அதற்குத் ‘தூரம்’ என்று பெயர். தூரமானால் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சாய்ப்பில் மூன்று நாள் தனித் தட்டு, தனிப் பாய். நான் தைத்துக்கொண்டிருந்த பனியன் கம்பெனியில் அந்த வார்த்தையை உச்சரிக்கவே முடியாது. சுவரில் முருகன் படம், காலையும் மாலையும் ஊதுபத்தி. தூரமானவள் உள்ளே உட்கார்ந்திருப்பது தெரிந்தால் முதலாளி வேலையை விட்டே நிறுத்திவிடுவார். அதனால் தையல் வரிசைப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு சொல் வைத்திருந்தார்கள்: ஆயில். ‘ஆயில் பட்டிருச்சு’ என்றால் பக்கத்தில் இருப்பவள் வேஸ்ட் துணியைச் சுருட்டிக் கையில் திணிப்பாள். பழைய சூப்பர்வைசருக்கும் விஷயம் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு, போ என்று கையசைப்பார்.

அந்த வாரம் புது சூப்பர்வைசர் வந்திருந்தார். பாவாடை நனைந்த பதற்றத்தில் எனக்கு அது உறைக்கவில்லை. அப்போது எனக்குப் பதினாறு வயது.

“ஏனுங்க, ஆயில் பட்டிருச்சுங்க. வெளிய போயிட்டு வந்தர்றனுங்க.”

“ஆயிலா? வெள்ளைத் துணியாச்சே கண்ணு. எந்திரி, மெசினப் பாக்கலாம்.”

நான் எழவில்லை. அவர் மெக்கானிக்கையும் கூப்பிட்டுவிட்டார். இரண்டு ஆண்கள் பக்கத்தில் வந்து நிற்கிறார்கள். வரிசையில் இருந்த அக்காமார் குனிந்த தலை நிமிராமல் தைத்தார்கள். ஒருத்தியாவது வாயைத் திறக்கமாட்டாளா என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திறந்தால் அவளும் மாட்டிக்கொள்வாள் என்பதும் தெரியும்.

“எந்திரின்னு சொல்றனல்ல.”

எழுந்தேன்.

மெக்கானிக் நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார். சூப்பர்வைசருக்கு விளங்கக் கொஞ்ச நேரமானது. அவர் திட்டவில்லை. படத்துக்கு முன்னால் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டார், மஞ்சள் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்.

“இனி ஆயில்னு எந்தப் புள்ள வந்து நின்னாலும், அப்படியே ஊட்டுக்குப் போயிர வேண்டியதுதான்” என்றார், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.

என்னை அப்போதே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தைக்க ஆள் கிடைக்காத சமயம் என்பதால் நாலு நாள் கழித்து மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். அக்காமார் என்னோடு பேசவில்லை. எனக்குப் போனது மானம். அவர்களுக்கு இருந்த ஒரே சொல்லும் என்னால் போயிற்று.

ஒரு மாதம் கழித்து என் மெசினில் நிஜமாகவே எண்ணெய் ஒழுகியது. சூப்பர்வைசர் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. வெள்ளை பனியன்கள் ஒவ்வொன்றாகக் கறைபடுவதைப் பார்த்துக்கொண்டே சாயங்காலம் வரை தைத்தேன்.