பெரிய டாக்டர் வரும்வரை

நான் படித்தது பிசிஷியன் அசிஸ்டென்ட் படிப்பு. நோயாளியைப் பரிசோதித்து டாக்டரிடம் சொல்வேன். நானாக மருந்து எழுதக்கூடாது. இதை எத்தனை தடவை சொல்லியும் எங்கள் ஊருக்கு நான் டாக்டர்தான்.

ஒருநாள் காலையில் அப்பாவுக்கு நெஞ்சுவலி. பட்டுக்கோட்டையிலேயே ஆஸ்பத்திரி இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டி, "எம்பொண்ணே பாக்கட்டும்" என்று தஞ்சாவூரில் நான் வேலைபார்க்கும் ஆஸ்பத்திரி வரைக்கும் வேனில் வந்துவிட்டார்.

ஈசிஜியைப் பார்த்ததுமே மாரடைப்பு என்று தெரிந்தது. இதய டாக்டர் உள்ளே வேறொருவருக்கு ஆஞ்சியோ செய்துகொண்டிருந்தார். அவருக்குத் தகவல் சொல்லி, அவர் சொன்ன மாத்திரைகளைக் கொடுத்தேன். அதற்குமேல் எனக்கு வேலையில்லை. மஸ்கட்டிலிருந்து அண்ணன் போன் செய்தான். "நீதான் பக்கத்துல இருக்கியே, அப்புறம் என்ன பயம்?" போனை வைத்துவிட்டு அப்பாவிடம் போனேன்.

அப்பாவின் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வழியில் வீணாய்ப்போன நேரத்தை நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"டாக்டர் வந்துகிட்டிருக்காருப்பா" என்றேன்.

கூட வந்திருந்த சித்தப்பாவின் பக்கம் அப்பா மெல்லத் திரும்பினார்.

"பாத்தியா, பெரிய டாக்டரையே வரச் சொல்லிட்டா."